காலி சர்வரில் ஜாங்கோ: புரொவிஷனிங் என்றால் என்ன?

பைத்தான் மொழியில் வெப் அப்ளிகேஷன் எழுத உதவும் ஜாங்கோவில் ஓர் அப்ளிகேஷன் எழுதி முடித்துவிட்டீர்கள். லேப்டாப்பில் அருமையாக ஓடுகிறது. பிரவுசரில் 127.0.0.1:8000 என்று அடித்தால் திறக்கிறது. அதையே வாட்ஸ்அப்பில் ஒருவருக்கு அனுப்பினால், "தம்பி, லிங்க் திறக்கலையே" என்று பதில் வருகிறது. வரத்தான் செய்யும். 127.0.0.1 என்பது எந்த இயந்திரத்தில் அடிக்கிறோமோ அந்த இயந்திரத்தையே குறிக்கும் எண். அவருடைய போன் தன்னிடமே தேடிவிட்டுக் கையை விரித்துவிடும்.

பேச்சுக்கு ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் ஒருவர். எந்தப் படகு எத்தனை பார் ஐஸ் எடுத்தது, யாரிடம் எவ்வளவு பாக்கி என்று இதுவரை நோட்டில் எழுதி வந்தார். அந்த நோட்டுக்குப் பதிலாகத்தான் உங்கள் அப்ளிகேஷன். அவரும், கணக்கு எழுதுகிறவரும், படகுக்காரர்களும் ஆளுக்கோர் இடத்திலிருந்து போனில் பார்க்க வேண்டும். படகு கிளம்பும் விடியற்காலையிலும் அது திறக்க வேண்டும்.

கடையிலேயே ஒரு பழைய கம்ப்யூட்டரை இரவு பகலாக ஓட விட்டால் என்ன என்று தோன்றும். கடலூர்க்காரர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது, மாவட்டத்தில் பல கிராமங்களுக்குக் கரண்ட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. புயலே வராத வருடத்திலும் சிக்கல் இருக்கிறது. பெரும்பாலான வீட்டு இணைய இணைப்புகளுக்கு வெளியிலிருந்து நேராக வந்து கதவைத் தட்டக்கூடிய நிலையான பொது முகவரி கிடையாது.

ஆகவே வாடகைக்கு ஓர் இயந்திரம். அமேசான் 2006இல் தன் இசி2 சேவையைத் தொடங்கியதிலிருந்து, மணிக்கணக்கில் சர்வரை வாடகைக்கு எடுப்பது சாதாரணமாகிவிட்டது. உங்களுக்குக் கிடைப்பது தனிப் பெட்டி அல்ல. ஒரு பெரிய இயந்திரத்தை மென்பொருளால் பங்குபோட்டு, ஒரு பங்கைத் தனி கம்ப்யூட்டர் போலவே நடந்துகொள்ள வைக்கிறார்கள். ஒரு பிராசசர், ஒரு ஜிபி மெமரி என்று சின்னதாக எடுத்தால் ஐஸ் கணக்குக்குப் போதும்.

எடுக்கும்போது எந்த ஊரில் வேண்டும் என்று கேட்பார்கள். அமேசானுக்கு மும்பையும் ஹைதராபாத்தும் உண்டு, டிஜிட்டல்ஓஷனுக்கு பெங்களூரு, மைக்ரோசாஃப்ட் அஷூருக்குச் சென்னையே உண்டு. பார்க்காமல் அமெரிக்காவைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்று ஜாங்கோவைத் திட்டுபவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து ஊரைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

சரி, இயந்திரம் கிடைத்துவிட்டது. அதில் என்ன இருக்கும்? உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைக் கேட்டிருந்தால் உபுண்டு இருக்கும், அவ்வளவுதான். ஜாங்கோ இருக்காது, தரவுத்தளம் இருக்காது, நீங்கள் எழுதிய கோடு (நிரல்) இருக்காது. இந்த வெற்று இயந்திரத்தை, உங்கள் அப்ளிகேஷன் ஓடத் தேவையான அத்தனையும் உள்ள இயந்திரமாக ஆக்கும் வேலையைத்தான் புரொவிஷனிங் என்கிறார்கள்.

என்னென்ன தேவை என்பதை, ஒரு போனிலிருந்து கேள்வி கிளம்பிப் போகும் வழியில் நடந்து பார்த்தால் எளிதாகப் புரியும். வாடிக்கையாளரின் போன் முதலில் சர்வரின் 443 என்ற போர்ட்டுக்கு, அதாவது அந்த எண்ணுள்ள கதவுக்கு வருகிறது. அங்கே காத்திருப்பது என்ஜின்எக்ஸ். இகோர் சிசோயேவ் என்ற ரஷ்யர் எழுதி 2004இல் வெளியிட்ட வெப் சர்வர் இது. பாதுகாப்பான இணைப்பைப் பிரித்துப் பார்ப்பது, படங்களையும், பக்கத்துக்கு அழகு சேர்க்கும் சிஎஸ்எஸ் ஃபைல்களையும் தானே எடுத்துக் கொடுத்துவிடுவது, கணக்கு சம்பந்தப்பட்ட கேள்விகளை மட்டும் உள்ளே அனுப்புவது ஆகியவை இதன் வேலை. உள்ளே இருப்பது குனிகார்ன். உங்கள் பைத்தான் கோடை மெமரியில் ஏற்றி வைத்துக்கொண்டு, வரும் கேள்வியை ஜாங்கோவிடம் கொடுத்துப் பதிலை வாங்கித் தருகிறது. ஜாங்கோ தன் பங்குக்கு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைக் கேட்கிறது. பதில் அதே வழியில் திரும்புகிறது.

லேப்டாப்பில் இவ்வளவு பேர் இல்லையே என்று கேட்கலாம். அங்கே ஜாங்கோவோடு வரும் ரன்சர்வர் என்ற சிறிய சர்வர் எல்லா வேலையையும் ஒப்பேற்றிக்கொண்டிருந்தது. அதைப் பொதுவெளியில் பயன்படுத்தாதீர்கள் என்று ஜாங்கோவின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். பாதுகாப்புச் சோதனையோ வேகச் சோதனையோ அதற்குச் செய்யப்படவில்லை. இருந்தும் காலி சர்வரில் ரன்சர்வரை ஓடவிட்டு "லைவ் ஆகிவிட்டது" என்று சொல்பவர்கள் ஏராளம். டெர்மினலை மூடியதும் சைட்டும் மூடிக்கொள்ளும்.

குனிகார்னுக்கு அந்தக் கதி வராமல் பார்த்துக்கொள்வது லினக்ஸோடு வரும் சிஸ்டம்டி. லினக்ஸ் எழுந்ததும் குனிகார்னை எழுப்புவது, அது விழுந்தால் மறுபடி தூக்கி நிறுத்துவது எல்லாம் அதன் பொறுப்பு. நாம் ஒரு சிறு ஃபைலில் எந்தக் கட்டளையை, எந்தப் பயனர் பெயரில், எந்த டைரக்டரியிலிருந்து ஓட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் போதும். குனிகார்னுக்குக் கேள்விகளைக் கையாள எத்தனை வொர்க்கர் (ஒரே நேரத்தில் ஓடும் பிரதிகள்) என்பதற்கு அதன் ஆவணம் ஒரு கணக்கு சொல்கிறது: பிராசசர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். ஒரு பிராசசர் என்றால் மூன்று. ஒரு ஜிபி மெமரியில் போஸ்ட்கிரெஸும் இருப்பதால் நான் இரண்டில் தொடங்கச் சொல்வேன்.

இதையெல்லாம் எஸ்எஸ்எச் என்ற, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழியாக உள்ளே போய், கட்டளை கட்டளையாக அடித்துச் செய்யலாம். முதல் முறை அப்படித்தான் செய்ய வேண்டும், அப்போதுதான் எது எதற்கு என்று மண்டையில் ஏறும். ஆனால் கையால் செய்த சர்வருக்கு ஒரு குணம் உண்டு. ஆறு மாதம் கழித்து அது எப்படி வேலை செய்கிறது என்று செய்தவருக்கே தெரியாது. நடு இரவில் எதையோ சரிசெய்ய ஒரு ஃபைலைத் தொட்டிருப்போம், ஒரு பேக்கேஜை ஏற்றியிருப்போம், எழுதி வைத்திருக்க மாட்டோம். அப்புறம் அந்த சர்வரைத் தொடவே பயம் வரும். இயந்திரம் போனால் எல்லாம் போச்சு.

அதனால் செய்முறையை ஒரு ஃபைலில் எழுதி, அந்த ஃபைலையே இயந்திரத்திடம் கொடுத்துவிடுகிறோம். இதற்குப் பெரும்பாலான கிளவுட்களில் (சர்வரை வாடகைக்குத் தரும் சேவைகளில்) இருக்கும் எளிய வழி கிளவுட்-இனிட். உபுண்டுவுக்காக உருவாகி, இப்போது ஏறக்குறைய எல்லா லினக்ஸ்களிலும் இருக்கிறது. சர்வர் எடுக்கும் பக்கத்தில் யூசர் டேட்டா என்று ஒரு பெட்டி இருக்கும். பலர் அதைக் காலியாக விட்டுவிட்டுக் கீழே போய்விடுவார்கள். உங்கள் ஃபைல் அந்தப் பெட்டிக்குள் போக வேண்டும். இயந்திரம் முதல் முறை எழும்போது அதைப் படித்து, சொன்னபடி செய்துவிடும்.

நம் ஐஸ் கணக்குக்கு அந்த ஃபைலில் என்ன இருக்கும்? சிஸ்டத்தை அப்டேட் செய். பைத்தானின் விர்ச்சுவல் என்விரான்மென்ட் (ஓர் அப்ளிகேஷனுக்கென்று தனியாக ஒதுக்கும் பைத்தான் இடம்) பேக்கேஜ், போஸ்ட்கிரெஸ், என்ஜின்எக்ஸ், கோடைச் சேமித்து வைக்கும் கிட் ஆகியவற்றை ஏற்று. அப்ளிகேஷனுக்கென்று ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள பயனர்) அல்லாத ஒரு பயனரை உருவாக்கு. உங்கள் கோடைக் கிட்டிலிருந்து இறக்கு. விர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கி அதற்குள் ஜாங்கோவையும் குனிகார்னையும் ஏற்று. மைகிரேட் செய்து தரவுத்தள அட்டவணைகளை உண்டாக்கு. கலெக்ட்ஸ்டாட்டிக் ஓட்டி சிஎஸ்எஸ் ஃபைல்களை ஓரிடத்தில் சேர். குனிகார்னையும் என்ஜின்எக்ஸையும் தொடங்கு. வரிசை முக்கியம். போஸ்ட்கிரெஸ் ஏறுவதற்கு முன்னால் மைகிரேட் ஓடினால் தோற்கும்.

புதியவர்கள் வழக்கமாக இடறும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். ஃபைலின் முதல் வரியில் ஹேஷ் குறியும் அதை ஒட்டி, இடைவெளி இல்லாமல், கிளவுட்-கான்ஃபிக் என்ற சொல்லும் இருக்க வேண்டும். அந்த வரி இல்லையென்றால் மொத்த ஃபைலும் கண்டுகொள்ளப்படாது, பெரிதாக எச்சரிக்கையும் வராது. உள்தள்ளலுக்கு ஸ்பேஸ்தான், டேப் ஆகாது. உபுண்டு 24.04இல் விர்ச்சுவல் என்விரான்மென்ட் இல்லாமல் பைத்தான் பேக்கேஜ்களை ஏற்றும் பிப் மூலம் நேராக ஜாங்கோவை ஏற்றப் பார்த்தால், இந்தப் பைத்தான் சிஸ்டத்துடையது, தொடாதே என்று மறுத்துவிடும். பழைய வீடியோக்களைப் பார்த்துச் செய்பவர்கள் மாட்டுவது இங்கேதான். அமேசானில் யூசர் டேட்டா பெட்டிக்கு 16 கேபி வரம்பும் உண்டு. நீளமானவற்றை ஒரு ஸ்கிரிப்டாக கிட்டில் வைத்து, இங்கிருந்து அதை அழைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் குழப்புவது இன்னொன்று. இந்தச் செய்முறை இயந்திரம் பிறக்கும்போது ஒரு முறைதான் ஓடும். பிறகு ஃபைலைத் திருத்திவிட்டு ரீபூட் செய்து பயனில்லை. திருத்தினால் இயந்திரத்தை அழித்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். ஆரம்பத்தில் வீண் வேலை போலத் தெரிந்தாலும் பழக்கத்துக்கு இது நல்லது. செய்முறை முழுமையாக இருக்கிறதா என்பது அழித்துக் கட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும். மணிக்கணக்கு வாடகை என்பதால் இந்தப் பயிற்சிக்கு ஆகும் செலவு டீ காசுகூட இராது. எங்கே நின்றது என்று பார்க்க, வார் டைரக்டரிக்குள் லாக் என்ற இடத்தில் கிளவுட்-இனிட்-அவுட்புட் என்ற பெயரில் ஒரு ஃபைல் இருக்கும். கடைசிப் பத்து வரிகளில் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை அழிக்காமலே மாற்ற வேண்டும் என்ற நிலை வரும்போது அன்சிபிள் என்ற கருவி உதவும். 2012இல் மைக்கேல் டீஹான் தொடங்கியது. சர்வரில் எதையும் முன்கூட்டி நிறுவ வேண்டாம், எஸ்எஸ்எச்சும் பைத்தானும் இருந்தால் போதும். அன்சிபிளின் முக்கியமான குணம், ஒரே செய்முறையைப் பத்து முறை ஓட்டினாலும் விளைவு ஒன்றாகவே இருக்கும் என்பது. கல்யாண வீட்டில் "நூறு கிலோ அரிசி வாங்கு" என்று எழுதிய சீட்டு இரண்டு பேர் கைக்குப் போனால் இருநூறு கிலோ வந்து இறங்கும். "ஸ்டோரில் நூறு கிலோ அரிசி இருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தால், இரண்டாவது ஆள் எட்டிப் பார்த்துவிட்டுச் சும்மா திரும்பிவிடுவார். அன்சிபிள் சீட்டுகள் இரண்டாவது வகை. "இந்தப் பயனர் இருக்க வேண்டும், இந்தச் சேவை ஓடிக்கொண்டிருக்க வேண்டும்" என்று எழுதுகிறோம். இருந்தால் விட்டுவிடும், இல்லையென்றால் செய்யும். சாதாரண ஷெல் ஸ்கிரிப்ட்டை இரண்டாம் முறை ஓட்டினால், "பயனர் ஏற்கெனவே இருக்கிறார்" என்று பாதியில் நின்றுவிடும் வாய்ப்பு அதிகம்.

இயந்திரத்தை எடுக்கும் வேலையையே ஃபைலில் எழுத டெராஃபார்ம் இருக்கிறது. அப்ளிகேஷனைப் பொட்டலமாகக் கட்டும் டாக்கர், அந்தப் பொட்டலங்களைப் பல இயந்திரங்கள் சேர்ந்த கிளஸ்டரில் ஓட்டும் குபர்நெட்டிஸ் என்று பட்டியல் நீளும். ஒரு சர்வர், ஓர் அப்ளிகேஷன் என்ற அளவில் இவை எதுவும் வேண்டாம் என்பது என் கருத்து. கிளவுட்-இனிட்டில் தொடங்குங்கள், அது போதாதபோது அன்சிபிள். இன்ஸ்டாகிராம் ரீல் பார்த்து குபர்நெட்டிஸில் கை வைத்தால், ஐஸ் கணக்கு எழுதவேண்டியவர் கிளஸ்டர் கணக்கு எழுதிக்கொண்டிருப்பார்.

கதவுகள் விஷயத்துக்கு வருவோம். பொது முகவரியோடு ஒரு சர்வர் எழுந்தால், கொஞ்ச நேரத்திலேயே முன்பின் தெரியாத இயந்திரங்கள் எஸ்எஸ்எச்சின் 22ஆம் போர்ட்டைத் தட்டத் தொடங்கிவிடும். பாஸ்வேர்டை ஊகித்து நுழையப் பார்ப்பவை அவை. எனவே எஸ்எஸ்எச்சுக்குச் சாவி மட்டும், பாஸ்வேர்ட் கூடாது. வெளியிலிருந்து 22, 80, 443 மூன்றும் திறந்திருந்தால் போதும். போஸ்ட்கிரெஸின் 5432 வெளியே தெரியவே கூடாது. ஃபயர்வால் இரண்டு இடத்தில் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். கிளவுட் நிறுவனத்தின் பக்கத்தில் ஒன்று, இயந்திரத்துக்குள் ஒன்று. ஒன்றில் திறந்துவிட்டு மற்றதை மறந்தால் மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ரகசியங்களை யூசர் டேட்டாவில் எழுதாதீர்கள். அமேசானிலும் இன்னும் பல கிளவுட்களிலும், இயந்திரத்துக்குள் ஓடும் எந்த நிரலும் 169.254.169.254 என்ற உள்முகவரியைக் கேட்டு அந்த ஃபைலைப் படித்துவிட முடியும். ஜாங்கோவின் சீக்ரெட் கீ, தரவுத்தள பாஸ்வேர்ட் இரண்டும் சர்வரில் தனி ஃபைலில், அப்ளிகேஷன் பயனர் மட்டும் படிக்கும்படி இருக்கட்டும். கிட்டிலும் வேண்டாம். ஜாங்கோவின் டீபக் என்ற செட்டிங்கைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். அது எரிந்துகொண்டிருந்தால், ஏதாவது பிழை வரும்போது உங்கள் கோடின் பகுதிகளையும் அமைப்பு விவரங்களையும் போகிற வருகிறவருக்கெல்லாம் பக்கமாகப் போட்டுக் காட்டும்.

முதல் முறையே எல்லாம் சரியாக வந்துவிடாது. திரையில் வரும் பிழையைப் பார்த்தே எந்த அடுக்கில் சிக்கல் என்று கண்டுபிடிக்கலாம். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் கைவிட்டால், இரண்டு ஃபயர்வால்களில் ஒன்று மூடியிருக்கிறது. உடனடியாக இணைப்பு மறுக்கப்பட்டால், வாசல் வரை வந்தாயிற்று, என்ஜின்எக்ஸ்தான் ஓடவில்லை. 502 என்றால் என்ஜின்எக்ஸ் நலம், பின்னால் குனிகார்ன் விழுந்துகிடக்கிறது. 400 என்று ஒற்றை வரியில் வந்தால், ஜாங்கோவின் அலவ்டு ஹோஸ்ட்ஸ் பட்டியலில் உங்கள் டொமைன் பெயரைச் சேர்க்கவில்லை. 500 என்றால் உங்கள் கோடு, லாக்கைத் திறங்கள். பக்கம் வருகிறது, ஆனால் அழகெல்லாம் போய் வெறும் எழுத்தாக நிற்கிறது என்றால் சிஎஸ்எஸ் ஃபைல்கள் கிடைக்கவில்லை. கலெக்ட்ஸ்டாட்டிக் ஓடியதா என்று பாருங்கள். ஓடியும் அவற்றுக்கு 403 வந்தால், கோடை ஹோம் டைரக்டரிக்குள் வைத்திருக்கிறீர்களா? உபுண்டு 21.04 முதல் ஹோம் டைரக்டரியை மற்றப் பயனர்கள் எட்டிப் பார்க்க முடியாது, என்ஜின்எக்ஸும் மற்றப் பயனர்தான். ஹோமுக்கு வெளியே வார் டைரக்டரிக்குள் இடம் கொடுங்கள்.

பாதுகாப்புச் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது. 90 நாள் செல்லும், செர்ட்பாட் என்ற நிரல் தானாகவே புதுப்பித்துவிடும். டொமைன் பெயர் உங்கள் சர்வரின் முகவரியைக் காட்டத் தொடங்கிய பிறகுதான் அதைக் கேட்க வேண்டும். அழித்து அழித்துக் கட்டிப் பழகுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அதே பெயருக்கு ஒரு வாரத்தில் ஐந்து சான்றிதழ்தான் கிடைக்கும். ஆறாவது முறை கேட்டால் காத்திருக்கச் சொல்லும். பயிற்சிக்கு ஸ்டேஜிங் என்ற சோதனைச் சேவை இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

இப்போது நம் ஐஸ்காரருக்கு இதனால் என்ன லாபம்? தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்தக் கணக்கு அப்போது பெரும்பாலும் அசையாது. யாரும் பார்க்காத சர்வருக்கு எதற்கு வாடகை? நிறுத்திவைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். டிஜிட்டல்ஓஷனில் அணைத்துவைத்த சர்வருக்கும் முழு வாடகை ஓடும். அமேசானில் இயந்திர வாடகை நின்றாலும் டிஸ்க் வாடகை நிற்காது, ஒதுக்கி வைத்த பொது ஐபி முகவரிக்கும் மணிக்கணக்கில் காசு. உண்மையிலேயே செலவை நிறுத்த வேண்டுமானால் அழிக்கத்தான் வேண்டும். செய்முறை ஃபைல் கையில் இருப்பவருக்குத்தான் அந்தத் தைரியம் வரும்.

ஆனால் செய்முறை திருப்பித் தருவது மென்பொருளை மட்டுமே. யாரிடம் எவ்வளவு பாக்கி என்ற தரவு அதில் இல்லை. அழிப்பதற்கு முன் போஸ்ட்கிரெஸை டம்ப் எடுத்து (முழுத் தரவையும் ஒரு ஃபைலாக இறக்கி), சர்வருக்கு வெளியே, கிளவுட்டில் ஃபைல்களை வைக்கும் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் ஒரு பிரதியும் உங்கள் லேப்டாப்பில் ஒரு பிரதியும் வையுங்கள். சீக்ரெட் கீ இருக்கும் ஃபைலையும் மறக்க வேண்டாம். டம்ப் திறக்கிறதா என்று லேப்டாப்பில் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் அழிக்கும் பட்டனைத் தொட வேண்டும்.

ஜூன் இரண்டாம் வாரத்தில் மறுபடி எழுப்பும்போது வரிசை கொஞ்சம் மாறும். புது இயந்திரத்தில் செய்முறை ஓடும்போது மைகிரேட்டை மட்டும் தள்ளி வையுங்கள். காலித் தரவுத்தளத்தில் முதலில் டம்ப்பை ஏற்றி, அதன்பிறகே மைகிரேட். முன்னதாக மைகிரேட் ஓடி அட்டவணைகள் உருவாகிவிட்டால், டம்ப் ஏறும்போது ஒன்றோடொன்று மோதும். இயந்திரம் புதிது என்பதால் ஐபி முகவரியும் புதிதாக இருக்கும், டொமைன் பதிவில் மாற்றிவிட்டுக் கொஞ்சம் காத்திருந்து சான்றிதழ் வாங்குங்கள். அதே பெயரில் எஸ்எஸ்எச் செய்தால், சர்வரின் அடையாளம் மாறிவிட்டது, யாரோ நடுவில் புகுந்திருக்கலாம் என்று லேப்டாப் பெரிய எழுத்தில் கூச்சல் போடும். நீங்களே இயந்திரத்தை மாற்றியிருப்பதால் பழைய அடையாளத்தை நீக்கிவிட்டு உள்ளே போகலாம். கடைசி ஐந்தாறு படகுகளின் பாக்கியை லேப்டாப்பில் ஏற்றிப் பார்த்த பிரதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் வாரக் கணக்கு சரியாக ஓடும்வரை பழைய டம்ப்பை அழிக்க வேண்டாம்.